கன்ப்ளா: முதல் பெட்டியைத் திறக்கும் முன்

ஜப்பானில் மாடல் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் நுழைந்தால், சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு மூடியிலும் சண்டை போடும் ஒரு ரோபோவின் அட்டகாசமான ஓவியம். ஆசையோடு வாங்கித் திறந்தால் உள்ளே ரோபோ இருக்காது! ஜன்னல் கம்பி மாதிரி நாலைந்து பிளாஸ்டிக் சட்டங்கள், அவற்றில் ஒட்டிக்கொண்டு தொங்கும் குட்டிக் குட்டிப் பாகங்கள், ஒரு படப் புத்தகம், ஒரு ஸ்டிக்கர் தாள். அவ்வளவுதான். ரோபோவை வாங்கியவரேதான் செய்துகொள்ள வேண்டும். காசு கொடுத்து வேலையை வாங்கிக்கொள்வது என்று சொன்னாலும் தப்பில்லை.

இதற்குப் பெயர் கன்ப்ளா. 'கன்டம்' என்ற கார்ட்டூன் தொடரின் பெயரில் பாதியையும், பிளாஸ்டிக் என்ற சொல்லில் பாதியையும் ஒட்டி ஜப்பானியர்கள் உண்டாக்கிய வார்த்தை. (மூன்று சுழி ண் போட்டு எழுதினால் ஜோசியர் சொல்லும் கண்டமாகிவிடும். இரண்டு சுழியே பத்திரம்.)

புதிதாக ஆரம்பிக்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது, எந்த மாடல் வாங்கலாம், என்னென்ன கருவி வேண்டும், பெயின்ட் அடிக்கத் தெரிய வேண்டுமா என்பவைதான். நியாயமான கேள்விகள். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் தோற்பவர்களில் பலர் இந்த இடங்களில் தோற்பதில்லை. பெட்டியைத் திறக்காமலே தோற்றுவிடுகிறார்கள். 'இன்னும் நல்ல கருவிகள் வாங்கிவிட்டு', 'பரீட்சை முடிந்த பிறகு', 'கெடுத்துவிட்டால் என்ன செய்வது' என்று தள்ளிப்போட்டு, பெட்டி அலமாரி மேலே தூசு படிந்து கிடக்கும். ஜப்பானில் இப்படிக் குவிந்து கிடக்கும் பெட்டிகளுக்கு 'த்சுமிபுரா' என்று தனிப் பெயரே இருக்கிறது. அடுக்கி வைத்த பிளாஸ்டிக் மாடல்கள் என்று பொருள். ஒரு வியாதிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள் என்றால் அது எவ்வளவு பேருக்கு இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கெடுத்துவிடுவோமோ என்ற இந்தப் பயம் ஆரம்பத்தில் இருந்ததா? கன்ப்ளா பிறந்த கதையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

'மொபைல் சூட் கன்டம்' தொடர் 1979 ஏப்ரலில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஆரம்பமானது. இயக்கியவர் யோஷியுகி டோமினோ, இயந்திரங்களை வரைந்தவர் குனியோ ஒகாவாரா. அதுவரை வந்த ரோபோ தொடர்களில் ரோபோ என்பது ஏறக்குறைய கடவுள் மாதிரி. கூப்பிட்டால் வரும், அடிக்கும், ஜெயிக்கும். இதிலோ அது ஒரு போர் எந்திரம். துப்பாக்கியில் சக்தி தீர்ந்துவிடும், கை கால் பிய்ந்து போகும், உள்ளே உட்கார்ந்து ஓட்டும் பையன் பயந்து அழுவான். எதிர் அணியிலும் மனிதர்கள்தான். பார்த்து ரசித்தவர்களில் நிறைய பேர் பள்ளி மேல்வகுப்பு மாணவர்கள். ஆனால் தொடருக்குப் பணம் கொடுத்த க்ளோவர் என்ற பொம்மைக் கம்பெனி சின்னப் பிள்ளைகளுக்கான பொம்மைகளைத்தான் செய்து வைத்திருந்தது. பார்க்கிறவர் ஒருவர், பொம்மை வாங்க வேண்டியவர் இன்னொருவர்! 52 பகுதிகளாகத் திட்டமிட்ட தொடர் 43-ஆவது பகுதியோடு 1980 ஜனவரியில் முடித்துவைக்கப்பட்டது.

அதற்குப் பிறகுதான் விஷயமே ஆரம்பம். மறு ஒளிபரப்பில் கூட்டம் சேர்ந்தது. அதற்கு முன் 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' தொடரின் கப்பல்களை பிளாஸ்டிக் மாடலாக விற்றுக்கொண்டிருந்த பண்டாய் கம்பெனி, கன்டமுக்கும் மாடல் செய்யும் உரிமையை வாங்கியது. 1980 ஜூலையில் முதல் கன்ப்ளா கடைக்கு வந்தது. கதைப்படி 18 மீட்டர் உயரமுள்ள ரோபோ, 144-இல் ஒரு பங்காகச் சுருங்கி பன்னிரண்டரை சென்டிமீட்டர். விலை 300 யென்.

அந்த 300 யென் மாடலை இன்றைக்குப் பார்த்தால் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருக்கும். முழுக்க ஒரே வெள்ளை பிளாஸ்டிக். நெஞ்சு நீலம், வயிறு சிவப்பு எல்லாம் வாங்கியவர் பிரஷ்ஷால் அடித்துக்கொள்ள வேண்டும். பாகங்களைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். மூட்டுகள் ஏதோ கொஞ்சம் அசையும். வீரமாகக் காலை அகட்டி நிற்கவைப்பது நடக்காத காரியம். ஆனாலும் பிள்ளைகள் கடை கடையாக அலைந்து வாங்கினார்கள். 1982 ஜனவரியில் சிபா மாநிலத்தில் ஒரு கடையில் கன்ப்ளா வாங்க முண்டியடித்த சிறுவர்கள் எஸ்கலேட்டரில் விழுந்து காயமடைந்தது பெரிய செய்தியானது.

பையன்களில் முக்கால்வாசிப் பேர் அந்த மாடல்களைக் கெடுத்துத்தான் இருப்பார்கள். கைரேகை பதிந்த பசை, வழிந்த பெயின்ட், கோணலாக ஒட்டிய முட்டி. பரவாயில்லை, அது 300 யென். அடுத்த மாதக் கைச்செலவுக் காசில் இன்னொன்று. கெட்டுப்போனதைப் பிய்த்து, கையை இதிலிருந்தும் காலை அதிலிருந்தும் எடுத்து வேறு ரோபோ செய்தவர்களும் உண்டு. மாடல் கலைஞர்கள் இப்படி வெட்டி ஒட்டிச் செய்தவற்றை பொழுதுபோக்குப் பத்திரிகைகள் வெளியிட, அந்தப் பழக்கத்திலிருந்தே 1983-இல் தொடரில் வராத ரோபோக்களுக்கென்று தனி மாடல் வரிசையே பிறந்தது. விலை மலிவாக இருந்ததுதான் அவர்களுக்குத் துணிச்சல் கொடுத்தது.

இன்று புதிதாக வருகிறவருக்கு அந்தத் துணிச்சல் குறைவு. காரணம், அவர் முதலில் பார்ப்பது தேர்ந்த கைகள் ஏர்பிரஷ்ஷால் பெயின்ட் அடித்து, விளக்கு வெளிச்சத்தில் எடுத்த புகைப்படம். கிரிக்கெட் மட்டையைத் தொடுவதற்கு முன்பே டெண்டுல்கரின் நூறு சதங்களைப் பார்த்துவிட்டு மலைத்து நிற்பது போல.

சரி, எதில் ஆரம்பிப்பது?

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 'கிரேடு' என்பதைக் கவனிக்க வேண்டும். 1990-இல் 'ஹை கிரேடு' வந்தது. பசை இல்லாமல் அழுத்தினாலே பொருந்தும் பாகங்கள், பிளாஸ்டிக்கிலேயே வெவ்வேறு நிறம் என்று வேலை பாதியாகக் குறைந்தது. 1995-இல் 'மாஸ்டர் கிரேடு': நூறில் ஒரு பங்கு, 18 சென்டிமீட்டர், தோலுக்குள் எலும்புக்கூடு மாதிரி உள்சட்டம். 1998-இல் 'பெர்ஃபெக்ட் கிரேடு': அறுபதில் ஒரு பங்கு, 30 சென்டிமீட்டர், விலையும் அதே உயரம். 2010-இல் 'ரியல் கிரேடு': ஹை கிரேடின் அளவில் மாஸ்டர் கிரேடின் நுணுக்கம். பெயரையும் படத்தையும் பார்த்து இதில் மயங்கி முதலில் வாங்குபவர்கள் அதிகம். சின்ன உருவத்தில் ஏராளமான பாகங்கள், சில பாகங்கள் அரிசியைவிடச் சிறியவை. முதல் மாடலுக்கு இது வேண்டாம். தும்மினால் ஒரு பாகம் காணாமல் போகும்!

2020-இல் 'என்ட்ரி கிரேடு' வரிசையில் முதல் கன்டம் வந்தது. ஜப்பானில் வரியோடு சேர்த்து 770 யென்னுக்கு வெளியானது. கருவியே வேண்டாம், கையால் திருகினாலே பாகம் சட்டத்திலிருந்து கழன்றுவரும். ஸ்டிக்கர்கூட இல்லாமல் நிறமெல்லாம் பிளாஸ்டிக்கிலேயே வந்துவிடுகிறது. 1980-இன் 300 யென் பெட்டிக்கு இதுதான் நேர் வாரிசு. கடையில் கிடைத்தால் முதல் மாடலாக இதற்கு இணை இல்லை. கிடைக்காவிட்டால் எந்த ஹை கிரேடும் சரி, பிடித்த ரோபோவாக இருந்தால் போதும். தொடரைப் பார்த்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. முகம் பிடித்திருக்கிறது என்பதற்காக வாங்கலாம். மாடலைச் செய்துவிட்டுப் பிறகு தொடரைத் தேடிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

இனி கருவிகள். இங்கேயும் பட்டியல் பெரிதாகிக்கொண்டே போகும் ஆபத்து உண்டு. உண்மையில் அவசியமானது ஒன்றே ஒன்று: தட்டையான முகமுள்ள பிளாஸ்டிக் நிப்பர். வீட்டில் இருக்கும் கட்டிங் பிளையர் வேண்டாம், அது கம்பியை நசுக்கி வெட்டுவதற்கானது. அவசரத்துக்கு நகவெட்டிகூட அதைவிட மேல். ஒரு பேனாக் கத்தி, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 400, 600, 800, 1000 எண் உப்புத்தாள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு. முடிந்தது. ஜப்பானில் நீகாதா மாநிலத்தின் த்சுபாமே ஊர் உலோகத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கிருந்து வரும் ஒற்றைக் கூர்முனை நிப்பர்கள் வெண்ணெய் மாதிரி வெட்டும் என்பார்கள். வெட்டத்தான் வெட்டும். ஆனால் கொஞ்சம் தடித்த பிளாஸ்டிக்கை வெட்டினால் முனை சட்டென்று ஒடிந்துவிடும். கை பழகாதவருக்கு அது தேவையில்லாத மனவேதனை.

வெட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கன்ப்ளாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இந்தப் பாகங்கள் எப்படி உண்டாகின்றன? எஃகு அச்சுக்குள் உருக்கிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அதிக அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். பிளாஸ்டிக் ஓடும் கால்வாய்தான் ஆறிய பின் 'ரன்னர்' என்ற சட்டமாகிறது. வயலுக்குள் தண்ணீர் பாயும் மடை மாதிரி, கால்வாயிலிருந்து பாகத்துக்குள் நுழையும் குறுகிய வாய்க்கு 'கேட்' என்று பெயர். ஷிசுவோகா நகரில் இருக்கும் பண்டாயின் ஆலையில் ஒரே சட்டத்தில் நாலு நிறங்களை வார்க்கும் எந்திரங்களே உண்டு. (டாமியா, ஆவோஷிமா போன்ற மாடல் கம்பெனிகளும் ஷிசுவோகாக்காரர்கள்தான். சிவகாசிக்குப் பட்டாசு மாதிரி அந்த ஊருக்கு பிளாஸ்டிக் மாடல்.) எவ்வளவு உயர்ந்த எந்திரமானாலும் பிளாஸ்டிக் உள்ளே போக ஒரு வாய் வேண்டும். அதனால் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு தொப்புள் கொடி இருந்தே தீரும். அதை எப்படி அறுக்கிறோம் என்பதுதான் கைத்திறமை.

அவசரக்காரர் நிப்பரைப் பாகத்தோடு ஒட்ட வைத்து ஒரே வெட்டாக வெட்டுவார். பிளாஸ்டிக் இழுபட்டு அந்த இடம் வெளுத்துப்போகும். சில சமயம் பாகத்திலிருந்தே ஒரு சில்லு பெயர்ந்து பள்ளமாகிவிடும். வெளுப்பையாவது நகத்தால் தேய்த்துக் கொஞ்சம் மறைக்கலாம். பள்ளத்துக்குச் சுலபமான மருந்து கிடையாது. எனவே இரண்டு வெட்டு. முதல் வெட்டு பாகத்திலிருந்து தள்ளி, சட்டத்தின் பக்கம். பாகம் இப்போது கையில் தனியாக இருக்கும், ஒரு சின்னக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது வெட்டில் அந்தக் கொம்பை எடுக்கிறோம், அப்போதும் மயிரிழை அளவுக்குப் பிசிறு விட்டு. அந்தப் பிசிறைக் கத்தியால் மெல்லச் சீவி, 400-இல் தொடங்கி 1000 வரை உப்புத்தாளால் தேய்த்தால் இடம் தெரியாமல் போகும். கத்தி எப்போதும் விரலை விட்டு வெளியே போகும் திசையில் நகர வேண்டும். உப்புத்தாளைத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்தால் தூசு மூக்குக்குள் போகாது.

ஒரு பாகத்துக்கு இவ்வளவா என்று தோன்றும். முதல் பத்துப் பாகங்களுக்கு எரிச்சலாகவும் இருக்கும். பதினைந்தாவது பாகத்தில் கை தானாகவே அளவைத் தெரிந்துகொள்கிறது. வெட்டும்போது வரும் 'டிக்' சத்தத்தை வைத்தே சரியாக விழுந்ததா என்று சொல்லிவிடலாம். ஒரு காலை முடித்துவிட்டு மறு காலைச் செய்யும்போது, இரண்டாவது கால் முதல் காலைவிட நன்றாக வந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அந்த வித்தியாசம் முதல் மாடலில்தான் இவ்வளவு தெளிவாகத் தெரியும். இருபதாவது மாடலில் இரண்டு கால்களும் ஒரே மாதிரி இருக்கும்!

விளக்கப் புத்தகம் ஜப்பானிய மொழியில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். எல்லாம் படம்தான். சட்டத்துக்கு எழுத்து, பாகத்துக்கு எண். 'B1-7' என்றால் B1 என்ற சட்டத்தில் 7-ஆவது பாகம். சாம்பல் நிறத்தில் வளைந்துகொடுக்கும் மூட்டு வளையங்கள் பெரும்பாலும் 'PC' என்று குறித்திருக்கும். 'x2' என்றால் அதே மாதிரி இரண்டு செய்ய வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரையும் கவிழ்ப்பது எண் அல்ல, திசை. ஒரே பாகத்தைத் தலைகீழாக வைத்தாலும் பொருந்துகிற மாதிரி இருக்கும், நாலு படி தாண்டிய பிறகுதான் இடிக்கும். படத்தில் துளை எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம் என்று ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு அழுத்துவது நல்லது. ஏனென்றால் முளை துளைக்குள் ஒரு தடவை முழுதாக இறங்கிவிட்டால், பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இன்னொரு பழைய யோசனை: தேவையான பாகத்தை அந்தப் படி வரும்போது மட்டும் வெட்டவும். உற்சாகத்தில் மொத்தத்தையும் ஒரே மூச்சில் வெட்டிக் குவித்தால், பிறகு எது B1-7, எது B1-8 என்று தேடுவதிலேயே அந்த ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

இப்படி அப்படியே பொருத்தி முடிப்பதை ஜப்பானியர்கள் 'பச்சிகுமி' என்கிறார்கள். பாகம் பொருந்தும் 'பச்' சத்தத்திலிருந்து வந்த சொல். பெயின்ட் இல்லை, பசை இல்லை. முதல் மாடல் அதோடு நின்றால் போதும். மிஞ்சிப்போனால் ஒன்று கூட்டலாம்: பாகங்களின் மேலுள்ள மெல்லிய பள்ளக் கோடுகளில் கன்டம் மார்க்கர் பேனாவை ஓடவிட்டு, வழிந்ததைப் பஞ்சாலோ விரலாலோ துடைப்பது. வெள்ளைப் பாகத்துக்குக் கறுப்பைவிடச் சாம்பல் நிறம் பாந்தமாக இருக்கும். பொம்மை மாதிரி இருந்தது திடீரென்று எந்திரமாகிவிடும். துடைக்கிறேன் பேர்வழி என்று நெயில் பாலிஷ் ரிமூவரை மட்டும் எடுத்துவிடக் கூடாது. அதில் அசிட்டோன் இருந்தால் கோட்டோடு பிளாஸ்டிக்கும் கரையும்.

கடைசியாக மேட் வார்னிஷ் ஸ்பிரே அடிப்பவர்கள் உண்டு. உப்புத்தாள் பட்ட இடமும் படாத இடமும் ஒரே மாதிரி மங்கலாகி, தழும்புகள் மறைந்துவிடும். ஈரக்காற்று அடிக்கும் நாளில் இதைச் செய்தால் மாடலுக்குச் சாம்பல் பூசிய மாதிரி வெளுத்துவிடும் என்பதால் நல்ல வெயில் நாளாகப் பார்க்க வேண்டும், கதவு ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும். ஆனால் இதெல்லாம் இரண்டாவது, மூன்றாவது மாடலுக்கான விவகாரம்.

வாங்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாதி விலைக்குக் கிடைக்கும் போலிகள் உண்டு. அவற்றில் முளையும் துளையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் நிற்கும். புதியவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடுவார், அதுதான் போலியால் வரும் பெரிய நஷ்டம். 2018-க்குப் பிந்தைய பெட்டிகளில் பண்டாய் ஸ்பிரிட்ஸ் என்ற முத்திரை இருக்கும். 2022-இல் 'தி விட்ச் ஃப்ரம் மெர்குரி' தொடர் வந்தபோது புதுக் கூட்டம் சேர்ந்து, அதன் ரோபோ மாடல்கள் கடையில் நிற்கவே இல்லை. மொத்தமாக வாங்கி அதிக விலைக்கு விற்கும் ஆட்களும் கிளம்பினார்கள். அவர்களிடம் போய் இரட்டை விலை கொடுப்பதைவிடக் காத்திருக்கலாம். பண்டாய் பழைய மாடல்களையும் திரும்பத் திரும்ப அச்சில் வார்த்து விடுகிறது. அந்த 1980 மாடலைக்கூட அப்படிப் பல தடவை மறுபடி விட்டிருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்து ரோபோ மேஜைமேல் நிற்கும்போது, பக்கத்தில் காலிச் சட்டங்கள் குவிந்திருக்கும். ஜப்பானில் 2021 முதல் இவற்றைப் பெட்டி வைத்துச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள். அனுப்ப வழியில்லாதவர்கள் அவற்றை வைத்து வெட்டிப் பழகலாம், உப்புத்தாளைச் சோதிக்கலாம், பெயின்ட்டின் நிறம் எப்படி வரும் என்று பூசிப் பார்க்கலாம். மாடலில் இடைவெளி விழுந்த இடத்தை அடைக்க, சட்டத் துண்டுகளை மாடல் பசையில் கரைத்துக் கூழாக்கிப் பூசும் வித்தையும் இருக்கிறது. எதுவானாலும் அன்றைக்கே குப்பையில் போட்டுவிட வேண்டாம். ரோபோவின் ஒரு கை மணிக்கட்டோடு நின்றிருந்தால், விரல்கள் அந்தச் சட்டத்தில்தான் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும்.